குளிர் இனிக் காவல் அல்ல: தூய ஏரிகளையும் எட்டும் நீலப்பச்சைப் பாசி

புது தில்லி: பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரியான சுப்பீரியர் ஏரி, கோடையிலும் உடலை நடுங்க வைக்கும் குளிர்ச்சிக்கும் கண்ணாடி போன்ற தெளிவுக்கும் பெயர் பெற்றது. அமெரிக்காவும் கனடாவும் எல்லையாகப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏரியின் தென்மேற்குக் கரையோரத்தில் 2012ஆம் ஆண்டு கோடையில் பச்சை நிறப் படலம் மிதந்தது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது மீண்டும் தோன்றியது. அப்போது விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகருக்கு அருகிலிருந்து அப்போஸ்தல் தீவுகள் வரை, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளக் கரையில் ஆங்காங்கே பாசித் திட்டுகள் காணப்பட்டன.

நீலப்பச்சைப் பாசி என வழங்கும் சயனோபாக்டீரியாக்களின் பெருக்கம், வெப்பமான, ஆழம் குறைந்த, கழிவுநீர் கலக்கும் நீர்நிலைகளுக்கே உரிய நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. குளிர்ந்த, ஆழமான, ஊட்டச்சத்து குறைந்த ஏரிகள் இயல்பாகவே பாதுகாப்பானவை என்பதே பொதுக் கருத்து. சுப்பீரியரில் நேர்ந்தது அந்தக் கருத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியுள்ளது. குடிநீருக்காகக் குளிர்ந்த ஏரிகளை நம்பியிருக்கும் நகரங்கள் பல நாடுகளில் உள்ளதால், இது ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துவிடும் விவாதம் அன்று.

இந்த ஏரிகளை இதுவரை காத்தது குளிர் மட்டும்தானா, அல்லது கரையிலிருந்து நீருக்குள் செல்லும் ஊட்டச்சத்தின் குறைவா என்பதே மையக் கேள்வி. விடையைப் பொறுத்தே தீர்வும் அமையும். நீரின் வெப்பநிலையை எந்த நகராட்சியாலும் குறைக்க இயலாது. கரையிலிருந்து இறங்கும் சத்தைக் குறைப்பது இயலக்கூடிய செயல்.

பாசி அல்லாத பாசி

பெயரில் பாசி இருந்தாலும் சயனோபாக்டீரியா உண்மையில் ஒருவகை நுண்ணுயிரி. தாவரங்களைப் போல ஒளிச்சேர்க்கை செய்யும். பூமியின் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிறையக் காரணமாக இருந்த தொன்மையான உயிரினம் இதுவே. கிராமத்துக் குளத்தின் மேல் வண்ணப்பூச்சு ஊற்றியதுபோல் கோடையில் படியும் பச்சை ஏட்டில் பெரும்பாலும் இதன் பங்கு உண்டு.

இவ்வுயிரிகளுக்குச் சில தனித்திறன்கள் உள்ளன. பல இனங்களின் செல்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் உதவியால் வெளிச்சம் தேடி மேலே மிதக்கவும், சத்து தேடிக் கீழே இறங்கவும் இயலும். சில இனங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே உணவாக மாற்றிக்கொள்கின்றன. பாஸ்பரஸ் கிடைக்கும்போது தேவைக்கு அதிகமாக உறிஞ்சிச் சேமித்துவைக்கும் இனங்களும் உண்டு. சூழல் பாதகமானால் தடித்த உறையுள்ள ஓய்வுச் செல்களாக மாறி ஏரியின் அடிமண்ணில் காத்திருக்கும் இனங்களும் உள்ளன. விதை மண்ணில் உறங்குவதைப் போன்றதே இது.

எல்லாப் பெருக்கமும் நச்சுத்தன்மை கொண்டதன்று. ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே நச்சு உண்டாக்கும் வகையும் உண்டாக்காத வகையும் இருக்கும். கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

சுப்பீரியரில் நடந்தது என்ன?

சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். நீரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ். உலகில் தரைமேல் திரவமாக உள்ள நன்னீரில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில் அடங்கியுள்ளது. ஏரிக்குள் வந்த நீர் முழுவதும் வெளியேறிப் புது நீர் நிறைய ஏறக்குறைய 190 ஆண்டுகள் ஆகும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒருமுறை உள்ளே சென்ற மாசு விரைவில் வெளியேறாது என்பதே இதன் பொருள்.

பாசி தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. 2012 ஜூன் 19, 20 தேதிகளில் மின்னசோட்டா மாநிலத்தின் துலூத் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பேய்மழை கொட்டியது. சில இடங்களில் பதிவான மழை சுமார் 250 மில்லிமீட்டர். 2018 ஜூன் மாதத்திலும் ஏரியின் தென்கரையைக் கடும் வெள்ளம் தாக்கியது. இரு முறையும், வெள்ளம் வடிந்து சில வாரங்கள் கழிந்த பின்னர், நீர் சூடேறிய கோடையில் பாசி எழுந்தது.

துலூத்தில் உள்ள மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பேரேரிகள் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டெர்னர் தலைமையிலான குழு, 2020ஆம் ஆண்டு இந்நிகழ்வுகள் குறித்த முதல் விரிவான மதிப்பீட்டை வெளியிட்டது. மழை மிகுதியும் வெப்ப மிகுதியும் ஒன்றுசேர்ந்த ஆண்டுகளே பெரும் பெருக்கம் நிகழ்ந்த ஆண்டுகள் என்று அது சுட்டிக்காட்டியது. பெருக்கத்துக்குக் காரணமான இனம் டோலிகோஸ்பெர்மம் லெம்மர்மன்னி. இது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பெறக்கூடிய, ஓய்வுச் செல்களை உண்டாக்கும் இனமாகும். சோதித்த மாதிரிகளில் நச்சின் அளவு பொதுவாக மிகக் குறைவாகவே இருந்தது என்பது ஆறுதலான செய்தி.

வெள்ளத்துக்கும் பாசிக்கும் உள்ள தொடர்பை அந்த நிலப்பரப்பு விளக்குகிறது. ஏரியின் தென்மேற்குக் கரையில் எளிதில் கரைந்தோடும் செங்களிமண் மிகுதி. பெருமழையில் ஆற்றங்கரைகள் அரிக்கப்பட்டு, மண்ணோடு ஒட்டியிருக்கும் பாஸ்பரஸும் ஏரிக்குள் இறங்குகிறது. வெள்ளத்துக்குப் பின் ஏரியோரம் பல நாட்கள் செந்நிறமாகக் காட்சியளிக்கும். ஆறுகளும் முகத்துவாரங்களும் சத்தோடு சேர்த்துப் பாசியின் வித்துச் செல்களையும் கொண்டுவந்து சேர்க்கின்றனவா என்ற கோணத்திலும் ஆய்வு நடைபெற்று வருகிறது.

இன்னொரு பக்கம் ஏரியே சூடாகி வருகிறது. 1979 முதல் 2006 வரையிலான காலத்தில் சுப்பீரியரின் கோடைக்கால மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 2.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்ததாக 2007இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. சுற்றியுள்ள காற்றைவிட வேகமாக நீர் சூடேறியது என்பதே அந்த ஆய்வின் வியப்பூட்டும் முடிவு. குளிர்காலப் பனிக்கட்டி குறைந்தமையே காரணமாகக் கூறப்பட்டது. பனிக்கட்டி சீக்கிரம் மறைந்தால் சூரிய வெப்பம் நீருக்குள் இறங்கும் காலமும் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. வெதுவெதுப்பான மேலடுக்கு உருவாகும் நாள், ஆண்டுக்கு ஏறத்தாழ அரை நாள் வீதம் முன்னே வந்துகொண்டிருந்ததாகவும் அந்த ஆய்வு தெரிவித்தது.

இது ஓர் ஏரியின் தனிக்கதை அன்று. உலகம் முழுவதும் 235 ஏரிகளின் தரவுகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, ஏரிகளின் கோடைக்கால மேற்பரப்பு நீர் பத்தாண்டுக்குச் சராசரியாக 0.34 டிகிரி செல்சியஸ் வீதம் சூடாவதாக மதிப்பிட்டது. குளிர்காலத்தில் உறையும் ஏரிகள் பலவற்றில் இந்த வேகம் சராசரியைவிட அதிகம்.

குளிரிலும் வாழும் இனங்கள்

வெப்பம் கூடுவதால்தான் பாசி வருகிறது என்று இதை முடித்துவிடலாமா? அதுவும் முழு உண்மை ஆகாது. சுப்பீரியர் ஆய்வுகளில் பங்கேற்ற கெய்ட்லின் ரைன்ல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரை, 15 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த நீரில் நிகழ்ந்த பெருக்கங்களைத் தொகுத்து ஆராய்ந்தது. குளிர்நீர்ப் பெருக்கம் அரிய விதிவிலக்கு அன்று, இதுவரை போதிய கவனம் பெறாத நிகழ்வு என்பதே அக்கட்டுரையின் வாதம்.

ஜெர்மனியின் ஷ்டெக்லின் ஏரியில் 2009-10 குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியிலேயே அஃபனிசோமெனான் என்ற சயனோபாக்டீரியா பெருகியது பதிவாகியுள்ளது. அண்டார்க்டிகாவின் உறைந்த ஏரிகளின் தரையில் சயனோபாக்டீரியா விரிப்புகள் காலங்காலமாகச் செழித்து வருகின்றன. இவ்வுயிரிகளைக் குளிர் கொல்வதில்லை. மற்ற உயிர்களோடு போட்டியிடும் வேகத்தைத்தான் குறைக்கிறது. சத்தும் வெளிச்சமும் அமைதியான நீரும் வாய்த்தால், வேகம் குறைந்த நிலையிலும் பெருகும் இனங்கள் உள்ளன.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையடிவார ஏரிகளில் இதற்கு நீண்ட வரலாறே உண்டு. சுவிட்சர்லாந்தின் முர்ட்டன் ஏரி சில பருவங்களில் இரத்தச் சிவப்பாக மாறும். 1476இல் அந்த ஏரிக்கரையில் நடந்த போரில் மாண்ட பர்கண்டி வீரர்களின் இரத்தமே மேலே வருவதாக மக்கள் நம்பினர். உண்மையில் அது பிளாங்டோத்ரிக்ஸ் ரூபசென்ஸ் என்னும் செந்நிற சயனோபாக்டீரியா. இன்றும் ஜெர்மன் மொழியில் இதற்கு வழங்கும் பெயர் ‘பர்கண்டி இரத்தப் பாசி’ என்பதாகும். குளிர்ந்த நீரையும் மங்கிய வெளிச்சத்தையும் விரும்பும் இவ்வினம், கோடையில் மேற்பரப்புக்குப் பல மீட்டர் கீழே ஒரு மெல்லிய அடுக்காக வாழ்கிறது. மேலே நிற்பவருக்குத் தெளிந்த நீரே தெரியும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நீரடுக்குகள் கலக்கும்போதுதான் இது மேலே வந்து நிறம் காட்டுகிறது.

சூரிக் ஏரி காட்டும் முரண்

இந்தச் செந்நிறப் பாசியே சூரிக் ஏரியில் ஆய்வாளர்களை எதிர்பாராத முடிவுக்கு இட்டுச் சென்றது. சூரிக் நகரின் குடிநீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த ஏரியிலிருந்து வருகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு விரிவாக்கம், சலவைத் தூளில் பாஸ்பேட்டுக்கு 1986இல் விதிக்கப்பட்ட தடை ஆகியவற்றால் அங்கு பாஸ்பரஸ் அளவு பல பத்தாண்டுகளாகச் சரிந்து வந்துள்ளது. நியாயப்படி பாசியும் குறைந்திருக்க வேண்டும். மாறாக, பிளாங்டோத்ரிக்ஸ் வலுப்பெற்றது.

தாமஸ் போஷ் தலைமையிலான சுவிஸ் ஆய்வாளர்கள் 2012இல் இதற்கு விளக்கம் அளித்தனர். முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஏரியின் மேல்நீர் குளிர்ந்து கனமாகி அடிவரை இறங்கும். கீழ்நீர் மேலே வரும். இந்தக் கலப்பின்போது ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்படும் பாசியின் வாயுப் பைகள் நீரழுத்தத்தால் நொறுங்கிவிடும். மீண்டும் மிதக்க வழியின்றிப் பெரும்பகுதி அழியும். ஆண்டுதோறும் நிகழ்ந்த இயற்கையான களையெடுப்பு அது. குளிர்காலம் மிதமாகிவிட்டதால் கலப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. பாசி பெருமளவில் உயிரோடு அடுத்த வசந்தத்துக்குள் நுழைகிறது.

ஆக, வெப்பமாதலின் விளைவு கோடையில் மட்டும் வெளிப்படுவதில்லை. குளிர்காலம் பலவீனமடைவதும் அதே அளவு முக்கியமானது. கோடைச் சராசரியை மட்டும் கவனிக்கும் கண்காணிப்பு முறை இந்த மாற்றத்தைத் தவறவிடும்.

பாஸ்பரஸ் கட்டுப்பாடு வீணா?

சூரிக் அனுபவத்தை வைத்து, பாஸ்பரஸைக் குறைத்தும் பயனில்லை என்ற முடிவுக்கு வருவது தவறாகும். பாஸ்பரஸ் கட்டுப்பாடு பலன் தரும் என்பதற்கான சான்று மிக வலுவானது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1968இல் தொடங்கப்பட்ட சோதனை ஏரிகள் பகுதியில், முழு ஏரிகளையே ஆய்வுக்கூடமாகப் பயன்படுத்தினர். 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226ஆம் எண் ஏரியை ஒரு திரையால் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்க்கப்பட்டன. மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் சட்டமியற்றுவோரை நம்பவைத்த அளவுக்கு எந்த அறிக்கையும் நம்பவைக்கவில்லை எனலாம். அது குளிர்ப்பகுதி ஏரி என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரி மற்றொரு சான்று. 1955இல் அங்கு இதே செந்நிறப் பாசி கண்டறியப்பட்டது. சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் ஏரியில் கலந்ததே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் எட்மண்ட்சன் விளக்கினார். 1958இல் வட்டார மக்கள் வாக்களித்து ஒரு பொது நிர்வாக அமைப்பை உருவாக்கினர். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் முழுவதும் ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. 1970களின் நடுப்பகுதிக்குள் ஏரி தெளிந்தது. பாசி அற்பமான அளவுக்குச் சுருங்கியது. செலவை ஏற்க மக்கள் ஒப்புக்கொண்டதால் ஓர் ஏரி மீண்ட அரிய வரலாறு இது.

1972இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட பேரேரிகள் நீர்த்தர ஒப்பந்தம் இந்த அறிவின் அடிப்படையில் எழுந்ததே. ஆனால் அந்நாளில் இலக்கு குழாய் வழியே வரும் கழிவுநீர். இன்றைய சிக்கல் வயல்களிலிருந்தும் அரிக்கப்பட்ட கரைகளிலிருந்தும் மழையோடு வருவது. குழாயின் வாயில் மீட்டர் பொருத்தலாம். ஆயிரக்கணக்கான வயல்களின் வரப்பில் பொருத்த முடியாது.

நைட்ரஜனையும் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பதில் அறிவியலாளரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பெறும் டோலிகோஸ்பெர்மம் போன்ற இனங்களுக்கு நைட்ரஜன் கட்டுப்பாடு தடையாகாது என்பது ஒரு தரப்பின் வாதம். அத்திறன் இல்லாத, நச்சு மிகுந்த இனங்களை அது கட்டுப்படுத்தும் என்பது மறுதரப்பு. பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும் என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன.

சூரிக்கும் சுப்பீரியரும் சேர்ந்து சொல்வது இதுவே: முப்பது ஆண்டுகளுக்கு முன் போதுமானதாக இருந்த பாஸ்பரஸ் வரம்பு, சூடேறிய ஏரிக்குப் போதாமல் போகலாம். வெப்பம் கூடக் கூட, அதே அளவு சத்து அதிகப் பாசியை உண்டாக்கும். எனவே தேவைப்படுவது மேலும் இறுக்கமான வரம்பு.

குழாயில் வரும் ஆபத்து

பாசி பெருகினால் நேரும் இழப்பைக் கண்ட நகரங்கள் உண்டு. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஈரி ஏரியிலிருந்து நீர் பெறும் டொலேடோ நகரின் சுத்திகரித்த நீரில் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு கண்டறியப்பட்டது. சுமார் 5 லட்சம் பேர் ஏறத்தாழ மூன்று நாட்கள் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டனர். ஓஹையோ மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். ஈரி, பேரேரிகளுள் ஆழம் குறைந்ததும் வெப்பமானதும் ஆகும். சுப்பீரியர் இன்று அந்த நிலையில் இல்லை. ஆனால் துலூத் நகரும் தன் ஏரியின் நீரையே குடிக்கிறது.

மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். நரம்பைத் தாக்கும் அனடாக்சின் போன்ற நச்சுகளும் உண்டு. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மிகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் பாசி நச்சு கலந்த நீரைப் பயன்படுத்திய டயாலிசிஸ் மையத்தில் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர். இந்த நச்சின் தீவிரத்தை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு அது.

பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். மைக்ரோசிஸ்டின் அழியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பாசி செல்கள் உடைந்தால் உள்ளிருக்கும் நச்சு நீரில் கலந்துவிடும் என்பதால், பாசிக்கொல்லி மருந்தைக் கண்மூடித்தனமாகத் தெளிப்பதும் ஆபத்தை அதிகரிக்கலாம். செல்களை உடைக்காமல் வடிகட்டுவது, செயலூட்டிய கரி, ஓசோன் முதலிய முறைகளே கைகொடுக்கின்றன. இவை செலவு மிக்கவை. இதுவரை தூய நீரைப் பெற்றுவந்த சிறு நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் இவ்வசதிகள் இருக்க வேண்டிய தேவையே எழவில்லை.

வட அயர்லாந்தின் லாக் நே ஏரி அண்மைக்கால உதாரணம். பிரிட்டன், அயர்லாந்து தீவுகளிலேயே பரப்பில் பெரிய இந்த ஏரி, வட அயர்லாந்தின் குடிநீரில் சுமார் 40 விழுக்காட்டைத் தருகிறது. 2023 கோடையில் அது கரைதோறும் அடர்பச்சையாக மாறியது. அவ்வாண்டு ஜூன், பிரிட்டனின் வரலாற்றிலேயே மிக வெப்பமான ஜூன் மாதம். விவசாய நிலங்களிலிருந்து பல ஆண்டுகளாக வந்து சேர்ந்த பாஸ்பரஸ் ஏற்கெனவே ஏரியிலும் அடிவண்டலிலும் குவிந்திருந்தது. அந்நிய இனமான வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்கியதால் வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கியதும் துணைக் காரணமாகக் கூறப்பட்டது. 2024 ஜூலையில் வட அயர்லாந்து அரசு செயல்திட்டம் ஒன்றை ஏற்றது. எனினும் பாசி அதன் பின்னரும் திரும்பி வந்தது. அடிவண்டலில் சேர்ந்த பாஸ்பரஸ், வரத்து குறைந்த பின்னரும் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் நீரில் கலக்கும் என்பதால், உடனடி விடிவை எதிர்பார்க்க இயலாது.

சுப்பீரியருக்கும் லாக் நேக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது. ஒன்றில் சத்து இன்னும் குவியவில்லை. மற்றொன்றில் குவிந்துவிட்டது. முதலாவதைக் காக்க ஆகும் செலவு, இரண்டாவதை மீட்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்காகவே இருக்கும்.

இந்திய மலை ஏரிகள்

இந்தியாவின் மலை ஏரிகள் சுப்பீரியரைப் போன்றவை அல்ல. சிறியவை. பல ஏற்கெனவே கழிவுநீரின் சுமையைத் தாங்குபவை. ஆயினும் உயரமும் குளிரும் தரும் பாதுகாப்புக்கு எல்லை உண்டு என்பதை அவை முன்பே காட்டியுள்ளன.

உத்தராகண்டின் நைனிதால் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. நகரின் குடிநீர் ஆதாரமும் சுற்றுலா வருமானத்தின் ஆதாரமும் அதுவே. சுற்றிலும் செங்குத்தான மலைச்சரிவுகள். அங்குள்ள வீடுகள், விடுதிகளின் கழிவும் மழையில் அரிக்கப்படும் மண்ணும் இறுதியில் ஏரிக்கே வந்து சேரும் அமைப்பு. சத்து மிகுந்து சயனோபாக்டீரியா பெருகியதும், அடிநீரில் ஆக்சிஜன் அற்றுப்போனதும், குளிர்காலத்தில் நீரடுக்குகள் கலக்கும்போது மீன்கள் செத்து மிதந்ததும் அங்கு பதிவாகியுள்ளன. 2007ஆம் ஆண்டு முதல் ஏரியின் அடியில் குழாய்கள் வழியே காற்று செலுத்தப்படுகிறது. இது நோயின் கடுமையைக் குறைக்கும் சிகிச்சை. சரிவிலிருந்து இறங்கும் சத்தைத் தடுத்தால்தான் முழுக் குணம் கிட்டும்.

காஷ்மீரின் தால் ஏரி, நீலகிரியின் உதகை ஏரி, பழனி மலையின் கொடைக்கானல் ஏரி ஆகியவையும் சுற்றுலா நகரங்களின் நடுவே அமைந்தவை. உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் முனைப்பில் உருவாக்கப்பட்ட செயற்கை ஏரிகள். இந்நான்கும் மத்திய அரசின் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் இடம்பெற்றன. 2013இல் அத்திட்டம் ஈரநிலத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, நீர்ச்சூழல் அமைப்புகள் பாதுகாப்புக்கான தேசியத் திட்டமாக மாறியது. தூர்வாருதல், ஆகாயத்தாமரை அகற்றுதல், கரையை அழகுபடுத்துதல் போன்ற பணிகள் கண்ணுக்குத் தெரிவதால் எளிதில் பாராட்டுப் பெறுகின்றன. ஆனால் பாசியைத் தீர்மானிப்பது ஏரிக்குள் வந்து சேரும் பாஸ்பரஸின் அளவு. அந்தக் கணக்கைத் தொடர்ந்து எடுத்து, பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதே ஒரு திட்டத்தின் வெற்றி தோல்வியை அளக்கும் கோலாக அமையும்.

முன்னால் உள்ள பணிகள்

நிபுணர்களின் ஆய்வுகளிலிருந்து நிர்வாகங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பணிகள் சில தெளிவாகின்றன.

முதலாவது, கண்காணிப்பின் காலமும் ஆழமும் மாற வேண்டும். குளிர்நீர்ப் பெருக்கம் கோடை விடுமுறையோடு முடிவதில்லை. பிளாங்டோத்ரிக்ஸ் போன்ற இனங்கள் ஆழத்தில் வாழ்வதால் செயற்கைக்கோள் படத்தில் தென்படா. செம்மண் கலங்கிய நீரில் பாசியின் நிறத்தைப் பிரித்தறிவதும் கடினம். பல அடுக்குகளிலிருந்தும் நீர் எடுத்துச் சோதிப்பதற்கு மாற்று இல்லை. சுப்பீரியரில் தோன்றிய திட்டுகள் சில நாட்களில் கலைந்துவிடுபவை. கரையில் நிற்கும் மக்கள் கண்டு சொல்வதைப் பதிவுசெய்யும் ஏற்பாடும் அவசியம்.

இரண்டாவது, பெருமழையைக் கணக்கில் கொண்ட நிலப் பராமரிப்பு. ஆண்டுச் சராசரி வரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓரிரு நாள் வெள்ளத்தில் பல மாதங்களுக்குரிய மண் இறங்கிவிடுகிறது. ஆற்றோரத் தாவரப் பட்டைகள், சதுப்பு நிலங்கள், மலைச்சரிவுக் காடுகள் ஆகியவை வெள்ள வேகத்தைத் தணித்து மண்ணைப் பிடித்துவைக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு ஏரிக்குள் இயந்திரம் வைப்பது இரட்டைச் செலவு.

மூன்றாவது, எச்சரிக்கை ஏற்பாடு. பச்சைப் படலம் கண்ட இடத்தில் குளிப்பதோ, குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் நீரில் விடுவதோ கூடாது என்ற எளிய அறிவிப்பு பல இடங்களில் இல்லை. நச்சுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை நீரை ஆபத்தானதாகக் கருதுவதே பாதுகாப்பான வழி.

நான்காவது, முன்னுரிமை. பொது நிதி பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன ஏரிகளுக்கே செல்கிறது. தெளிந்த ஏரிக்கு நிதி கேட்டால் அவசரம் என்ன என்ற கேள்வி எழுகிறது. 2012க்கு முன் சுப்பீரியரைப் பற்றியும் அதே கேள்வியே எழுந்திருக்கும்.

புவி வெப்பமாதலைத் தணிப்பது உலக நாடுகள் கூடிச் செய்ய வேண்டிய நெடும்பணி. அதன் பலன் ஏரிகளில் தெரியத் தலைமுறைகள் ஆகலாம். அதுவரை, கழிவுநீரையும் அரிக்கப்பட்ட மண்ணையும் ஏரிக்குள் விடுவதா வேண்டாமா என்பது அந்தந்த நகராட்சியும் மாநில அரசும் கரையோர மக்களும் எடுக்கக்கூடிய முடிவு. 1958இல் வாஷிங்டன் ஏரிக்கரை மக்கள் அந்த முடிவை வாக்குச்சீட்டில் எடுத்தனர். ஏரி தெளிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. இன்றைய சூடேறிய ஏரிகளுக்கு அத்தகைய அவகாசம் கிடைக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.